சின்னப்பம்பட்டி சுளுக்குப் புராணம்

காப்பியம் பாடுகிறவர் முதலில் நாட்டுச் சிறப்பைப் பாட வேண்டும் என்பது விதி. நமக்கோ நாடு எது என்பதிலேயே வழக்கு. கொங்கு நாடு எதுவரைக்கும் என்று கோயமுத்தூர்க்காரரைக் கேட்டால், அவிநாசி ரோடு முடிகிற இடம் வரைக்கும் என்பார். ஈரோட்டுக்காரர் காவிரிக்கரையில் நின்றுகொண்டு, "ஆத்துக்கு அக்கட்ட கொஞ்சம் சேத்திக்கலாமுங்க" என்பார். சேலத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது, கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து வெற்றிலை மடிக்கும்போது ஆரம்பித்து, பஸ் வரும்வரை தீராத விவகாரம். பட்டயம், செப்பேடு, பழைய ஜில்லா எல்லை என்று ஆளுக்கொரு ஆதாரம் வைத்திருப்பார்கள்.

2021 ஜனவரி 15ஆம் தேதி இந்த வழக்கு தீர்ந்தது. தீர்ப்புச் சொன்ன இடம் பிரிஸ்பேன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜன், டெஸ்ட் ஆட்டத்தில் அறிமுகமான அன்றே மேத்யூ வேடையும், சதம் அடித்திருந்த லபுஷேனையும் அடுத்தடுத்து வெளியே அனுப்பினார். அன்று சாயங்காலமே காந்திபுரத்து டீக்கடையில் "நம்ம பக்கத்துப் பையன்தானுங்க" என்று பேச்சு வந்துவிட்டது. செப்பேட்டை யாரும் கேட்கவில்லை. இரண்டு விக்கெட்டுக்குச் சேலம் கொங்கில் சேர்ந்தது. மூன்றாவதாக ஹேசல்வுட்டின் குச்சியையும் சாய்த்தபோது தர்மபுரியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிற தாராளம் பிறந்திருந்தது.

இனி நாயகனின் சரித்திரம். இதை ஏற்கனவே பல பேர் எழுதிவிட்டார்கள். அந்த ஜனவரியில் வந்த கட்டுரைகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. அப்பா தறிக்கூடத்தில் கூலி. அம்மா ரோட்டோரத்தில் கோழிக்கடை. ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். இதெல்லாம் உண்மை. இதற்கப்புறம் கட்டுரையாளர் மூக்கைச் சிந்திவிட்டு, ஒரே தாவலில் ஆஸ்திரேலியாவில் இறங்கிவிடுவார். நடுவில் பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கக் கூடாது. வறுமை இருந்தது, யார்க்கர் வந்தது, சுபம்.

வறுமை யார்க்கர் போடும் என்றால் ஜலகண்டபுரத்திலிருந்து தாரமங்கலம் வரைக்கும் தறி ஓடுகிற வீட்டுக்கு ஒரு பும்ரா இருந்திருக்க வேண்டும். இல்லை. அங்கே பெரும்பாலான வீடுகளில் இருந்தது தறிச்சத்தமும் கடன் நோட்டும்தான். நடராஜனை நகர்த்தியவை வேறு இரண்டு. ஒன்று டென்னிஸ் பந்து. இன்னொன்று, மற்றவர்களுக்கு விழுந்த சுளுக்கு.

டென்னிஸ் பந்தை முதலில் பார்ப்போம். ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பந்தெறிகிற கைக்குக் கிடைக்கிற சீராட்டு தனி. அந்த நாட்டு ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் என்று ஒரு பதவி. பந்தை வாங்கி, நாலு தடியர்கள் மேலே விழுவதற்குள் தன் ஆள் இருக்கிற திக்குக்கு எறிய வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்தக் கை பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே கல்லூரிக்காரர்கள் வீடு தேடி வந்துவிடுவார்கள். படிப்புச் செலவு அவர்களுடையது. தனிப் பயிற்சியாளர், தனிச் சாப்பாடு, முழங்கையைப் பார்க்க ஒரு டாக்டர், முழங்காலைப் பார்க்க இன்னொரு டாக்டர். மிச்சிகன் பல்கலைக்கழகத்து மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கைகள். ஒரு பல்கலைக்கழகத்துக்கு! நம் பக்கத்தில் அவ்வளவு கூட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போக வேண்டும். 2021க்குப் பிறகு அந்த மாணவர்கள் தங்கள் பேரை விளம்பரத்துக்கு விற்றுக் காசும் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. பரீட்சை எழுதப் போகிற பையன் சொந்தக் காரில், அதுவும் ஸ்பான்சர் காரில் போகிறான்.

நடராஜனின் கை, 20 வயது வரைக்கும் தோல் பந்தைத் தொட்டதே இல்லை.

தொட்டதெல்லாம் டென்னிஸ் பந்து. அது எவ்வளவு அநியாயமான பொருள் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எடை கிடையாது. ஸ்விங் என்கிற பேச்சே கிடையாது. கொஞ்சம் முன்னால் குத்தினால் அழகாக எழும்பி, மட்டைக்காரனின் இடுப்புக்கு வந்து "அடிங்கண்ணா" என்று நிற்கும். எல்லைக்கோடு என்பது ஒரு பக்கம் கிணற்று மேடு, இன்னொரு பக்கம் யாரோ ஒருவருடைய மரவள்ளிக் காடு. தூக்கிவிட்டால் ஆறுதான். ஆட்டமோ ஆறு ஓவர், எட்டு ஓவர். பொறுமையாக ஆடலாம் என்று யோசிக்கிற மட்டைக்காரனை அவனுடைய கேப்டனே பின்னாலிருந்து வைவான். ஆக, முதல் பந்திலிருந்தே எதிரில் நிற்பவன் சுற்றத்தான் போகிறான்.

இந்த நிலைமையில் பந்து வீசுகிறவனுக்கு மைதானத்தில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடம்: மட்டைக்காரனின் கால் கட்டைவிரல். அங்கே போட்டால் (அதற்குப் பேர்தான் யார்க்கர்) பந்து எழும்பாது. மட்டையை இறக்குவதற்குள் குச்சி போய்விடும், அல்லது ஒரு ரன். இரண்டு அங்குலம் முன்னால் விழுந்தால் மரவள்ளிக் காட்டில் தேட வேண்டும். பந்து தொலைந்தால் காசும் போட வேண்டும். இரண்டு அங்குலம் தாண்டினால் ஃபுல் டாஸ், அதுவும் காட்டுக்குத்தான். நடுவர் வேறு எதிர் டீமில் அடுத்து மட்டை பிடிக்கக் காத்திருக்கிற ஆள். அவர் கை வைடு காட்டுவதற்காகவே பாதி தூக்கின நிலையில் நிற்கும். மைக் செட்காரர் "அடுத்து பந்து வீச வருவது..." என்று ஆரம்பித்து, முந்தின ஓவரில் அடி வாங்கியவனின் வம்சத்தை விசாரித்துக்கொண்டிருப்பார். இத்தனைக்கும் நடுவில் ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமைதோறும், வருஷக் கணக்கில், கட்டைவிரலையே பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். அதற்கு யாரும் யார்க்கர் பயிற்சி முகாம் என்று பேர் வைக்கவில்லை. முதல் பரிசு சுழற்கோப்பை, இரண்டாம் பரிசு எவர்சில்வர் பானை என்று பேர் வைத்திருந்தார்கள்.

அதே ஊரில் ஏ. ஜெயப்பிரகாஷ் என்று ஒருவர். ஊர்ப் பையன்களைச் சேர்த்து டீம் நடத்தியவர். இந்தப் பையனின் கையில் ஏதோ இருக்கிறது என்று முதலில் கண்டவர் அவர்தான். கண்டவர் சும்மா இருந்திருக்கலாம். நல்ல பந்து வீச்சாளன் ஊரிலேயே இருந்தால் டோர்னமென்ட் கோப்பையெல்லாம் வீட்டு வாசலுக்கு வருமே! அவர் பையனைச் சென்னைக்கு அனுப்பி, செலவுக்கும் வழி பார்த்தார். ஊர்ப் பற்று என்கிற பேரில் ஆளை அமுக்கி வைத்திருக்கிற வழக்கம் நம் பக்கத்தில் ஏராளம் என்பதால், இதை நான் யார்க்கரை விடப் பெரிய அதிசயமாகவே வைத்திருக்கிறேன். அதனால்தான் நடராஜனுடைய சட்டை முதுகில் 'ஜேபி நட்டு' என்று எழுதியிருக்கும். தாத்தா பேரும் குலதெய்வத்துப் பேரும் போடுகிற நாட்டில், முதுகில் சிபாரிசு செய்தவர் பேரைப் போட்டுக்கொண்டு ஓடின ஒரே ஆள்.

சென்னையில் நாலாவது டிவிஷன், பிஎஸ்என்எல் அணி. ஊரில் ராஜாவாக இருந்தவருக்கு இங்கே பந்தே புதுசு. தோல் பந்து 156 கிராமுக்குக் குறையாது. டென்னிஸ் பந்து அதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். போதாக்குறைக்கு ஸ்பைக்ஸ் ஷூ. பிறகு விஜய் கிளப், ஜாலி ரோவர்ஸ் என்று படி ஏறி, 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சி ஆட்டம். ஊரில் பட்டாசு. ஆட்டம் முடிந்ததும் ஒரு காகிதம் வந்தது: பந்து வீசும் முறை சந்தேகத்துக்குரியது.

முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது சட்டம். சின்னப்பம்பட்டியில் டிகிரி என்றால் கல்யாணப் பத்திரிகையில் போடுகிற சமாச்சாரம். டென்னிஸ் பந்துக்கு எடை இல்லாததால் கையை வெட்டி இழுத்தால்தான் வேகம் வரும். அப்படியே பழகின கை. எல்லோருக்கும் ஒரு முறைதான் ஆட்டம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். இவர் 24 வயதில் இரண்டாம் முறை கற்றுக்கொண்டார். ஒரு வருஷம் போல ஓடிப்போனது. பயிற்சியாளர்கள் கையைப் பிடித்துத் திருத்தினார்கள். கை மாறியது, பந்து விழுகிற இடம் மாறவில்லை. முழங்கைக்குச் சட்டம் போட்டவர்கள் கட்டைவிரலுக்குப் போட மறந்துவிட்டார்கள்.

2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் வந்தது. திண்டுக்கல் டிராகன்ஸ் சட்டையில் ஒரு சூப்பர் ஓவர். எதிரே அபினவ் முகுந்த் போன்ற ஆள். ஆறு பந்து, ஆறும் யார்க்கர். டிவியில் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். சின்னப்பம்பட்டிக்காரர்கள் இதிலென்ன என்று இருந்திருப்பார்கள். அங்கே அது ஞாயிற்றுக்கிழமை வேலை.

அடுத்து வருவது 2017 பிப்ரவரி. எடப்பாடி வட்டாரத்து ஜோசியர்கள் அந்த மாதத்தை இன்னும் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். 14ஆம் தேதி சசிகலாவுக்கு எதிராக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 16ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி முதலமைச்சராகப் பதவியேற்பு. 20ஆம் தேதி பெங்களூரில் ஐபிஎல் ஏலம். 10 லட்ச ரூபாய் அடிப்படை விலையில் நின்ற நடராஜனைப் பஞ்சாப் அணி 3 கோடிக்குத் தூக்கியது. ஐந்தே நாளில் ஒரே வட்டாரத்துக்கு ஒரு நாற்காலியும் ஒரு மூன்று கோடியும். அடுத்தவருக்கு இடறினால்தான் வரிசையில் நிற்பவருக்கு வழி என்கிற தத்துவத்தை அந்த மண் அப்போதே கண்டுபிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பஞ்சாபில் சேவாக் பொறுப்பில் இருந்தார். உள்ளூர்ப் போட்டியில் பேர் தெரியாத ஆளுக்கு இவ்வளவு பணமா என்று அவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். கேட்டவர்களுக்குச் சாதகமாகவே காரியமும் நடந்தது. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். இந்தி தெரியாது, இங்கிலீஷ் தெரியாது, பஞ்சாபிக்கு வழியே இல்லை. ஃபீல்டிங் எங்கே நிற்க வேண்டும் என்பதைக்கூடச் சைகையில் கேட்க வேண்டிய ஊர். அடுத்த வருஷம் ஹைதராபாத் அணி 40 லட்சத்துக்கு வாங்கியது. மூன்று கோடி, நாற்பது லட்சம். ஜவுளிச் சந்தையில்கூட ஒரே சீசனில் இப்படி விலை இறங்காது. ஆனால் ஹைதராபாத்தில் பந்துவீச்சுப் பயிற்சியாளர் முத்தையா முரளிதரன். தமிழில் பேசலாம். பேசினார்கள். இரண்டு சீசன் பேசினார்கள். 2018இலும் 2019இலும் ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை.

இங்கிருந்துதான் சுளுக்குப் புராணம்.

2020 ஐபிஎல், கொரோனாவால் அரபு நாட்டுக்குப் போயிருந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் ஹைதராபாத்தின் புவனேஷ்வர் குமாருக்குக் காயம், சீசனே முடிந்தது. கடைசி ஓவர்கள் யார் போடுவது? வரிசையில் நின்ற நடராஜனிடம் பந்து வந்தது. அந்த சீசனில் அவர் அளவுக்கு யார்க்கர் போட்ட ஆள் யாரும் இல்லை. துபாயில் தோனி இவரை 102 மீட்டருக்கு ஒரு சிக்ஸர் அடித்தார். அடுத்த பந்தில் தோனி அவுட். விக்கெட்டைக் கொண்டாடக்கூடத் தோன்றவில்லை என்று நடராஜன் பிற்பாடு சொன்னார். தமிழ்நாட்டில் தோனியை அவுட்டாக்கிவிட்டுக் கொண்டாடினால் ஊருக்குத் திரும்ப முடியாது என்கிற நிலவரமும் ஒருபுறம் இருக்கிறது. நவம்பர் 6ஆம் தேதி அபுதாபியில், எலிமினேட்டர் ஆட்டம், டிவில்லியர்ஸ் 56 ரன்னில் நிலைத்து நின்றுகொண்டிருந்தார். உலகத்தில் எந்த மூலைக்கும் அடிக்கத் தெரிந்த மட்டை. பந்து அதன் அடியில் புகுந்து குச்சியைச் சாய்த்தது. டிவில்லியர்ஸ் ஒரு நொடி தன் கால் நுனியைக் குனிந்து பார்த்தார். சேலம் ஜில்லாவில் எத்தனையோ பேர் குனிந்து பார்த்த அதே இடம்.

அதோடு ஆஸ்திரேலியாவுக்கு டிக்கெட். ஆட அல்ல, வலைப்பயிற்சியில் கோலிக்கும் மற்றவர்களுக்கும் பந்து போட்டுக் கொடுக்க. கல்யாண வீட்டுக்குப் பரிமாறப் போன ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையில் உட்கார இடம் கிடையாது.

கிளம்புவதற்குள்ளேயே டி20 அணியில் இருந்த வருண் சக்கரவர்த்திக்குத் தோள்பட்டையில் காயம். அவர் இடத்துக்கு நடராஜன். போய் இறங்கினால் நவ்தீப் சைனிக்கு முதுகுப் பிடிப்பு. ஒருநாள் அணியிலும் நடராஜன். டிசம்பர் 2ஆம் தேதி கான்பெராவில் அறிமுகம். முதல் விக்கெட் அதே லபுஷேன். முதல் இரண்டு ஆட்டமும் தோற்றிருந்த இந்தியா அன்று 13 ரன்னில் ஜெயித்தது. இரண்டே நாளில் அதே மைதானத்தில் டி20 அறிமுகம், மூன்று விக்கெட். அந்தத் தொடரை இந்தியா 2-1 என்று எடுத்தபோது தொடர் நாயகன் விருது வாங்கின ஹர்திக் பாண்டியா, இது நடராஜனுக்குத்தான் சேர வேண்டும் என்று சொன்னார். கோலி கோப்பையைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தார். டிவிக்காரர்களுக்கு ஒரு சிக்கல்: வீரரிடம் பேச வேண்டும், வீரருக்குத் தமிழ்தான் வரும். முரளி கார்த்திக் மைக்கைப் பிடித்துத் தமிழிலேயே கேட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து நேரலையில் "ரொம்ப சந்தோஷமா இருக்கு" என்று தமிழில் கேட்டதும், நம் ஊரில் டிவி முன்னால் இருந்த ஆத்தாக்களுக்குக்கூட கிரிக்கெட் புரிந்துபோனது.

இப்போது டெஸ்ட் தொடர். அடிலெய்டில் இந்தியா 36 ரன்னுக்குச் சுருண்ட அன்று ஷமிக்குக் கையில் எலும்பு முறிவு. மெல்போர்னில் உமேஷ் யாதவுக்குக் கெண்டைக்கால். அவர் இடத்தில் அணிக்குள் நடராஜன். சிட்னியில் ஜடேஜாவுக்குக் கட்டைவிரல், விஹாரிக்குத் தொடை, அஸ்வினுக்கு முதுகு, பும்ராவுக்கு வயிற்றுத் தசை. இந்திய அணியின் அறையைப் பார்த்தால் சேலம் பெரியாஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டே தேவலை என்கிற நிலை. தலா ஒரு உறுப்பைக் கொடுத்து நடராஜனுக்கு வழிவிட்டார்கள்.

இது உலக வழக்கம்தான். அமெரிக்கக் குவார்ட்டர்பேக்குகளின் சக்கரவர்த்தி டாம் பிராடியின் கதையும் இதுவே. மிச்சிகனில் படித்து வந்தவரை 2000ஆம் வருஷத் தேர்வில் 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். பெஞ்சில் உட்கார வைத்தார்கள். 2001 செப்டம்பரில் ஒருத்தர் வந்து அந்த அணியின் முதன்மைக் குவார்ட்டர்பேக் டிரூ பிளெட்சோ மேல் மோதினார். பிளெட்சோவுக்கு உள்ளுக்குள் ரத்தக்கசிவு. பிராடி எழுந்து போனார். ஏழு சூப்பர் பவுல் ஜெயித்துவிட்டு 20 வருஷம் கழித்துத்தான் உட்கார்ந்தார். அடிபட்டவருக்கு அந்த ஊரில் சிலை கிடையாது. நம் ஊரிலும் உமேஷ் யாதவின் கெண்டைக்காலுக்கு யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

பிரிஸ்பேன், காபா மைதானம். 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா அங்கே ஒரு டெஸ்டிலும் தோற்றதில்லை. அந்தக் கோட்டைக்கு இந்தியா அனுப்பிய படையைப் பாருங்கள். சிராஜ், அதுவரை ஆடின டெஸ்ட் இரண்டு. சைனி, ஒன்று. ஷர்துல் தாக்கூர், ஒன்று. அதிலும் பத்துப் பந்து போட்டவுடன் காயமாகி வெளியே போனவர். நடராஜன், வாஷிங்டன் சுந்தர் இருவருக்கும் அன்றுதான் தொப்பியே கிடைத்தது. ஐந்து பேருக்கும் சேர்த்து நாலு டெஸ்ட். எதிரே ஸ்டார்க், கம்மின்ஸ், ஹேசல்வுட், லயன். அவர்களுடைய விக்கெட்டுகள் ஆயிரத்தைத் தாண்டும். முதல் இன்னிங்ஸில் நடராஜன் 78 ரன் கொடுத்து மூன்று, சுந்தர் மூன்று, தாக்கூர் மூன்று. பங்காளிகள் பாகம் பிரித்துக்கொண்ட மாதிரி சச்சரவில்லாமல் எடுத்தார்கள். ஐந்தாம் நாள் ரிஷப் பந்த் 89 நாட் அவுட், 328 ரன்னைத் துரத்திப் பிடித்தது இந்தியா. 32 வருஷக் கோட்டை இடிந்தது. ரஹானே கோப்பையைக் கொண்டுபோய் மறுபடி நடராஜன் கையில் கொடுத்தார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். பரிமாறப் போனவர் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினார்.

திரும்பினதை ஊர் சும்மா விடவில்லை. சாரட் வண்டி பூட்டினார்கள். அதற்கு முன்னால் செண்டை மேளம், மேலே பூ, கீழே கூட்டம். நாடெல்லாம் கொரோனாவுக்காக ஆறடி தள்ளி நின்ற காலத்தில் சின்னப்பம்பட்டி ஆறு அங்குலத்தில் சமாளித்தது. சேவாக் அந்த வீடியோவைப் போட்டுச் சிலாகித்தார். 3 கோடிக்கு நாலு வருஷம் கழித்து ரசீது கிடைத்த சந்தோஷம் அவருக்கு. நம்மவர் நேரே பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். விளம்பரக் கம்பெனிகள் முகத்தைத் தேடி வருகிற நேரத்தில் தலையை முருகனுக்குக் கொடுத்த ஆளை என்ன செய்வது? ஆனந்த் மஹிந்திரா ஒரு தார் வண்டி அனுப்பினார். இவர் காபாவில் போட்டிருந்த சட்டையில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். கொங்கு நாட்டில் சீர் வாங்கினால் எதிர்ச்சீர் வைக்காமல் இருக்க முடியாது.

அதே வருஷம் மார்ச் 28, புனே. இங்கிலாந்துக்கு எதிரான கடைசி ஒருநாள் ஆட்டம். இங்கிலாந்துக்கு வேண்டியது 330. தோற்றுப்போன ஆட்டத்தைச் சாம் கரன் தனியாளாகத் தோளில் தூக்கி வந்து கடைசி ஓவரில் நிறுத்தியிருந்தார். ஆறு பந்தில் 14. கரன் சதத்தை நெருங்கி, கண்ணில் பந்து தேங்காய் அளவுக்குத் தெரிகிற நேரம். பந்து நடராஜனிடம். இந்த ஓவர் யாருடைய சுளுக்காலும் வந்ததல்ல. இவரை நம்பிக் கொடுத்த ஓவர். ஓடி வந்தார். எல்லாம் கால் பக்கம். சில பந்தில் ரன்னே வரவில்லை. ஓவரில் மொத்தம் ஆறு ரன். இந்தியா ஏழு ரன்னில் ஜெயித்தது. கரன் 95 நாட் அவுட்டில் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

இந்தியச் சட்டையில் நடராஜன் ஆடின கடைசி ஆட்டம் அது.

ஏனென்றால் அடுத்த மாதம் சுளுக்கு இவரைத் தேடி வந்தது. முழங்கால். ஏப்ரலில் அறுவை சிகிச்சை. ஐபிஎல் பாதியில் போனது. செப்டம்பரில் மறுபடி அரபு நாட்டுக்குப் போனால் கொரோனா. இவர் எழுந்து வருவதற்குள், சுளுக்கு சரியானவர்களெல்லாம் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நாலு டி20. மொத்த சர்வதேசக் கணக்கு ஏழு ஆட்டம், 13 விக்கெட். முதல் ஆட்டத்துக்கும் கடைசி ஆட்டத்துக்கும் நடுவில் நாலு மாதம்கூட முழுசாக இல்லை. ஒரு போகம் நெல்லுக்கே அதைவிடக் கொஞ்சம் கூட ஆகும்.

ஆனால் ஐபிஎல் விடவில்லை. 2022இல் 18 விக்கெட். 2024இல் 19 விக்கெட், ஹைதராபாத் இறுதிப் போட்டி வரை போனது. அந்த நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் டெல்லி அணி 10.75 கோடி கொடுத்தது. மூன்று கோடிக்கே சேவாக்கைக் குடைந்தவர்கள் இம்முறை ஏலத்தன்று வாயைத் திறக்கவில்லை. திறந்தது சீசன் நடுவில்தான். பத்தேமுக்கால் கோடிக்கு வாங்கின ஆளை 2025 முழுக்க இரண்டே ஆட்டத்தில் இறக்கினார்கள். பட்டுப்புடவை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, விசேஷத்துக்கு நூல் புடவையில் போகிற வழக்கம் டெல்லியிலும் இருக்கிறது போல.

கதையின் இன்னொரு கிளை ஊரிலேயே வளர்ந்தது. ஜெயப்பிரகாஷ் தனக்குச் செய்ததை நடராஜன் அடுத்தவர்களுக்குச் செய்தார். அதே சின்னப்பம்பட்டியிலிருந்து ஜி. பெரியசாமி வந்தார். 2019 டிஎன்பிஎல்லில் கடைசி ஓவர்களில் அவர் போட்ட போடைப் பார்த்து, அந்த ஊரில் தண்ணீரில் என்ன கலக்கிறார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. மேட்டூர் அணை பக்கத்தில்தான் இருக்கிறது, தண்ணீர் எல்லோருக்கும் ஒன்றுதான். 2023 ஜூனில் நடராஜன் தன் சொந்தச் செலவில் ஊரில் ஒரு மைதானமே கட்டித் திறந்தார். தினேஷ் கார்த்திக் வந்து ரிப்பன் வெட்டினார். பிட்ச், வலை, உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் உண்டு. இனி அந்த வட்டாரத்துப் பையனுக்கு 20 வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை. பத்து வயதிலேயே தோல் பந்து, பக்கத்திலேயே பயிற்சியாளர், முழங்கை எத்தனை டிகிரி என்று பார்க்க ஆள்.

எனக்கு ஒரே ஒரு கவலைதான் மிச்சம். தோல் பந்துக்கு எடை இருக்கிறது, ஸ்விங் ஆகிறது, நல்ல லெங்த்தில் போட்டாலும் விக்கெட் விழுகிறது. மைதானமோ பெரிசு, மரவள்ளிக் காடு எட்டாத தூரத்தில். அப்புறம் எந்தப் பையன் வேலை மெனக்கெட்டுக் கட்டைவிரலைக் குறி பார்க்கப் போகிறான்? வாரம் ஒரு நாளாவது வலையைக் கழற்றி, கோட்டை உள்ளே தள்ளி, கையில் ஒரு டென்னிஸ் பந்தைக் கொடுத்து, பக்கத்தில் ஒரு மைக் செட்காரரை உட்கார வைக்கச் சொல்லி ஜேபி நட்டு அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொன்னால் தேவலாமுங்க.